எங்க வீட்டு டோராவும் படத்தில் வந்த டோராவும்

பொங்கலுக்குத் தம்பி ஓசூரிலிருந்து வந்திருந்தான். சித்தி மகளும் லீவுக்கு வந்திருந்தாள். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் சாயங்காலம், கரும்புச் சக்கை இன்னும் முற்றத்தில் கிடக்கையில், "அந்த டோரா படத்தை இன்னைக்காவது பாத்துருவோமாக்கா?" என்று தம்பி கேட்டான். சின்ன வயதில் நாங்கள் பார்த்த டோரா கார்ட்டூனை வைத்து எடுத்த 'டோரா அண்ட் தி லாஸ்ட் சிட்டி ஆஃப் கோல்டு' 2019 ஆகஸ்டில் வந்த படம். அப்போது எனக்குக் கல்யாண வேலை, அவனுக்குக் கல்லூரி. சேர்ந்துதான் பார்க்க வேண்டும் என்று பேசி வைத்ததில் இத்தனை வருஷம் ஓடிவிட்டது. ஒருவழியாக இணையத்தில் வாடகைக்கு எடுத்து, அம்மா, தம்பி, சித்தி மகள், என் ஐந்து வயது மகள், நான் என்று எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம்.

படம் முடிந்தபோது ஆளுக்கொரு கருத்து. அந்தப் பேச்சு ராத்திரி சாப்பாடு வரைக்கும் போனது. அதனால் எனக்குப் பிடித்ததா இல்லையா என்பதை மட்டும் எழுதினால் போதாது என்று தோன்றுகிறது.

டோரா எங்கள் வீட்டில் என்னவாக இருந்தாள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். 2007-இல் சுட்டி டிவி வந்தபோது எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஐந்து. ராஜபாளையத்தில் அப்பாவுக்கு மில்லில் ஷிப்ட் வேலை. பகலில் அவர் தூங்கும் வாரங்களில் டிவி சத்தத்தை ரொம்பக் குறைத்துவைத்து, திரைக்கு இரண்டு அடி தள்ளி ஒட்டி உட்கார்ந்து பார்ப்போம். ஜாக்கி சான் ஓடினால் எனக்குக் கொண்டாட்டம். 'டோராவின் பயணங்கள்' ஓடினால் தம்பிக்கு. டோரா, அவளோடு திரியும் குரங்கு புஜ்ஜி, திருட்டுக் குள்ளநரி. "குள்ளநரி திருடக்கூடாது" என்று மூன்று தடவை சொன்னால் அது திருடாமல் போய்விடும். அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். முறுக்கு டின் மூடி திறக்கிற சத்தம் கேட்டால் போதும், அடுப்படியிலிருந்தே "குள்ளநரி திருடக்கூடாது" என்பார். இன்றைக்கும் சொல்கிறார், இப்போது என் மகளிடம்.

அந்தக் கார்ட்டூன் 2000-இல் அமெரிக்காவில் நிக்கலோடியனில் தொடங்கியது. அங்கே டோரா ஆங்கிலம் பேசிக்கொண்டே நடுவில் ஸ்பானிஷ் சொற்களைச் சொல்லித் தருவாள். நம் சுட்டி டிவி டோரா தமிழில் பேசி, நடுவில் ஆங்கிலச் சொற்களைச் சொல்லித் தந்தாள். அவளுடைய குடும்பம் ஸ்பானிஷ் பேசுகிறது, அவளுக்குச் சொந்த பாஷை என்று ஒன்று உண்டு என்பதெல்லாம் எனக்குப் பெரியவளான பிறகுதான் தெரியும். அதுவரை டோரா தமிழச்சி. அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

சரி, படத்துக்கு வருகிறேன். ஜேம்ஸ் பாபின் இயக்கியது. 2011-இல் வந்த மப்பெட்ஸ் பொம்மைகளின் படத்தையும் இவர்தான் எடுத்தார். குழந்தைகள் நேசித்த ஒன்றைக் கையில் எடுத்தால் அதைக் கொச்சைப்படுத்தக் கூடாது என்று தெரிந்தவர். கார்ட்டூனில் ஏழு வயதாக இருந்த டோராவுக்குப் படத்தில் பதினாறு. பெரு நாட்டுக் காட்டில் அப்பா அம்மாவோடு வளர்ந்தவள். அவர்கள் பராபட்டா என்ற இன்கா காலத்துப் பொன் நகரத்தைத் தேடிப் போகிறார்கள். மகளை லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே டியாகோ இருக்கிறான், சின்ன வயதில் அவளோடு காட்டில் ஓடி விளையாடியவன். இப்போது அவனுக்கு அவளைப் பார்த்தாலே கூச்சம். பிறகு பெற்றோர் காணாமல் போக, புதையல் தேடும் கும்பல் டோராவையும் கூட இருந்த பள்ளிப் பிள்ளைகளையும் பெருவுக்குக் கடத்திக்கொண்டு போகிறது. மிச்சமெல்லாம் காட்டில். ஒரு மணி நாற்பது நிமிஷம்.

டோராவாக நடித்த இசபெலா மோனரை முதல் போஸ்டரில் பார்த்தபோது எனக்கு மனசு ஒட்டவில்லை. அதே குட்டை முடி, அதே ஊதாப் பை, ஆனால் வேறு யாரோ. படத்தில் பத்தே நிமிஷத்தில் அந்த எண்ணம் போய்விட்டது. அந்தப் பெண்ணின் அம்மா பெரு நாட்டுக்காரர். ஸ்பானிஷ் அவள் வாயில் சொந்த பாஷையாகவே வருகிறது. காட்டுக்குள், இன்கா மக்கள் பேசிய கெச்சுவா மொழியும் பேசுகிறாள். கண்ணை அகலத் திறந்துகொண்டு, எதைப் பார்த்தாலும் முதல் தடவை பார்ப்பது போல ஒரு சந்தோஷம். அதை 'நடிக்கிறாள்' என்று ஒரு இடத்தில் தெரிந்திருந்தாலும் படம் கெட்டுப்போயிருக்கும். கடைசி வரை தெரியவில்லை.

சித்தி மகளுக்குத்தான் படம் ரொம்பப் பிடித்தது. அவள் டோராவைச் சின்ன வயதில் அவ்வளவாகப் பார்த்ததில்லை. இந்த வருஷம்தான் ஊர்ப் பள்ளியை விட்டு டவுன் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறாள். அவள் பார்த்தது வேறு படம் என்றே சொல்ல வேண்டும். புதுப் பள்ளியின் வாசல் சோதனையில் டோரா தன் பையிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்து வைக்கிறாள், வைத்துக்கொண்டே இருக்கிறாள். காட்டுக்குத் தேவையான எல்லாமே அதில் இருக்கிறது. பின்னால் நிற்கும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். பள்ளியில் நடன விழா, உங்களுக்குப் பிடித்த நட்சத்திரமாக வேடமிட்டு வாருங்கள் என்கிறார்கள். மற்றவர்கள் சினிமா நட்சத்திரங்களாக வர, டோரா சூரியனாக வருகிறாள். சூரியனும் நட்சத்திரம்தானே! அவள் சொல்வதில் தப்பு எதுவும் இல்லை. அந்தக் காட்சியில் சித்தி மகள் தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும், "எனக்கும் ஃபர்ஸ்ட் டே இப்படித்தான்க்கா, எல்லாருக்கும் வணக்கம் சொன்னேன், ஒருத்தரும் திருப்பிச் சொல்லல" என்றாள். ஜூனிலிருந்து ஜனவரி வரைக்கும் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சித்தியிடம்கூட.

இந்த இடத்தில்தான் படத்தின் மேல் எனக்கு மரியாதை வந்தது. என் கல்லூரித் தோழி ஒருத்தி, இவளும் சுட்டி டிவி பார்த்து வளர்ந்தவள்தான், "டோராவ லூசு மாதிரி காட்டியிருக்காங்கடி, பாக்காத" என்று அப்போதே சொல்லியிருந்தாள். அவள் சொல்வது எனக்குப் புரிகிறது. நாம் நம்பிப் பார்த்த ஒருத்தியைச் சுற்றி நின்று பிள்ளைகள் சிரிக்கும்போது வலிக்கத்தான் செய்யும். ஆனால் படம் அவர்களோடு சேர்ந்து சிரிக்கவில்லை. கதை முடியும் வரை டோரா மாறவே இல்லை. பழக்கத்தை மாற்றிக்கொண்டு, முடியை நீளமாக வளர்த்து, மற்ற பிள்ளைகளைப் போல ஆகிக் கடைசியில் கைத்தட்டு வாங்கும் கதையாக இதைச் சுலபமாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அவளைப் பார்த்து வெட்கப்பட்ட டியாகோவும், முதலில் முறைத்துக்கொண்டே இருந்த பள்ளித் தோழி சாமியும்தான் (Sammy) மாறுகிறார்கள். காட்டுக்குள் சாமிக்கு அவசரமாக ஒதுங்க வேண்டியிருக்கிறது. கூச்சத்தில் துடிக்கிறாள். டோரா குழி தோண்டச் சொல்லி, அதற்கு ஒரு பாட்டே பாடிக் கொடுக்கிறாள். என் மகள் அதற்கு உருண்டு சிரித்தாள். எனக்குக் கார்ட்டூன் டோராவே திரும்பி வந்தது போல இருந்தது. அவள் எப்போதும் அப்படித்தான். எந்த வேலைக்கும் ஒரு பாட்டு வைத்திருப்பாள்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டாம் பாதிக் கதையை வேறு புதையல் படங்களில் பார்த்தாகிவிட்டது. பாய்ந்து வரும் அம்பு, நீர் நிறையும் அறை, புதைமணல், காட்டிக்கொடுக்கும் கூட்டாளி. யார் துரோகி என்பதைப் பாதியிலேயே அம்மா சொல்லிவிட்டார். படப்பிடிப்பு நடந்தது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில். காடு பச்சையாக, அழகாக இருக்கிறது, ஆனால் யாரோ கழுவித் துடைத்து வைத்த மாதிரி. இலையில் அழுகல் கிடையாது, காலில் சேறு ஒட்டுவதுகூட அளவாகத்தான். புஜ்ஜியையும் குள்ளநரியையும் கணினியில் செய்திருக்கிறார்கள். சிவப்புப் பூட்ஸ் போட்ட புஜ்ஜி பரவாயில்லை. முகமூடி கட்டிய நரி மட்டும் உண்மையான மனிதர்கள் நடுவில் நிற்கும்போது ஒட்டவில்லை, வேறு படத்திலிருந்து வெட்டி வைத்தது போல இருக்கிறது. அதற்குக் குரல் பெனிசியோ டெல் டோரோ. குரல் என்னவோ கம்பீரம்தான், அந்த முகத்துக்குச் சேரவில்லை. அப்படியும் டோரா ஆங்கிலத்தில் அந்த நரியின் பெயரைச் சொல்லி "ஸ்வைப்பர், நோ ஸ்வைப்பிங்" என்ற நொடியில் எங்கள் கூடத்தில் அம்மா உட்பட நாலு பேரும் ஒரே குரலில் தமிழில் சொன்னோம். யாரும் பேசி வைத்துச் சொல்லவில்லை.

இன்னொரு காட்சியைச் சொல்ல வேண்டும். காட்டில் ஒரு பூவின் மகரந்தம் மூக்கில் ஏறி எல்லோருக்கும் மயக்கம் பிடிக்க, திரை முழுக்கப் பழைய கார்ட்டூனாக மாறிவிடுகிறது. டோரா அந்த வட்ட முகத்தோடு, பையும் மேப்பும் பேச. அதுவரை, "அம்மா, நிஜ டோரா எப்ப வருவா?" என்று பத்து தடவையாவது கேட்டுவிட்டிருந்த என் மகள் எழுந்து டிவி அருகே ஓடிப்போய் நின்றுவிட்டாள். "வந்துட்டா!" அவளுக்கு அதுவரை ஓடியதெல்லாம் யாரோ ஒரு அக்கா காட்டில் நடந்த கதை. அந்தக் கார்ட்டூன் மறைந்ததும் அழுதாள். சின்னக் குழந்தைகளோடு பார்ப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அழுகையை நிறுத்த அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை ஓட்ட வேண்டியிருந்தது.

இனி தம்பி. அவனுக்குப் படம் பிடிக்கவில்லை. இந்த வீட்டில் டோரா அதிகம் யாருடையவள் என்று கேட்டால் அவனுடையவள். அதனால் அவன் சொன்னதை நான் ரொம்ப யோசித்தேன்.

தம்பி சின்ன வயதில் திக்கித் திக்கித்தான் பேசுவான். 'ப'வும் 'க'வும் முதலெழுத்தாக வந்தால் நின்றுவிடும். உதடு ஒட்டிக்கொண்டு, கழுத்து நரம்பு தெரிய, கண் மேலே போய், அப்புறம் சொல் வரும். பள்ளியில் அவன் முறை வரும்போது, பாவம் என்று நினைத்தோ நேரம் இல்லை என்றோ, அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார்கள். வீட்டில் நாங்களும் செய்த தப்பு ஒன்று உண்டு. அவன் தொடங்கியதுமே மிச்சத்தை நாங்கள் சொல்லி முடித்துவிடுவோம். "ப... ப..." என்றால் "பால் வேணுமா?" என்று நான் கேட்பேன். அவன் பம்பரம் என்று சொல்ல வந்திருப்பான்.

டோரா அப்படிச் செய்யவில்லை. "பாலம் எங்கே இருக்கு? சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு நேராக எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கண்ணைச் சிமிட்டுவாள். வேறு ஒன்றும் செய்யமாட்டாள். பின்னால் பூச்சிச் சத்தம் மட்டும் வரும். பிறகு அந்த நீல அம்புக்குறி வந்து பாலத்தின் மேல் டக்கென்று அழுத்தும். அந்த இடைவெளி சில நொடிதான். ஆனால் தம்பியின் வாயை வேறு யாரும் முந்தாத சில நொடி. பாதி நாள் அவன் முடிப்பதற்குள் அம்புக்குறி வந்துவிடும். சில நாள் அவன் முந்திவிடுவான். "பாலம்!" அன்றைக்கு அவன் என்னைத் திரும்பிப் பார்ப்பான். அப்பா தூங்குகிறார் என்பதையும் மறந்து நான் கை தட்டியிருக்கிறேன்.

அந்தக் கார்ட்டூனைத் தவறாமல் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் ஒரு தாளம் இருந்தது. டோராவின் பேசும் மேப், வழியில் வரும் மூன்று இடம் சொல்லும். அந்த மூன்றையும் நம்மைச் சொல்ல வைப்பார்கள். மறுபடி சொல்ல வைப்பார்கள். பெரியவர்களுக்கு எரிச்சல் வரும், அப்பாவுக்கே வந்திருக்கிறது. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்க இடம் கொடுத்த நிகழ்ச்சி, திக்கும் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

படத்தில் அந்தக் கேள்வி வருகிறது. ஆரம்பத்திலேயே. ஆறு வயது டோரா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, திடீரென்று நம் பக்கம் திரும்பி, "டெலிசியோசோ சொல்ல முடியுமா?" என்று கேட்கிறாள். ஸ்பானிஷில் 'ருசியாக இருக்கிறது' என்று அர்த்தம். அப்பாவும் அம்மாவும் யாரிடம் பேசுகிறாள் என்று திரும்பிப் பார்க்கிறார்கள். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று பேசிக்கொள்கிறார்கள். நல்ல நகைச்சுவை. நான் சிரித்தேன், தம்பியும் சிரித்தான். பெரியவளான பிறகு ஒரு விஷத் தவளையைக் காட்டி, வாயில் நுழையாத ஒரு மருத்துவச் சொல்லைச் சொல்ல முடியுமா என்று கேட்கிறாள். அதுவும் சிரிப்புக்குத்தான். அதற்குப் பிறகு அந்தப் பழக்கம் கதையில் பெரிதாக இல்லை. காடு, ஓட்டம், கதவு, சாவி.

படம் முடிந்து எழுத்து ஓடும்போது எல்லோரும் சேர்ந்து ஆடுகிறார்கள். என் மகளும் ஆடினாள். தம்பி சுவரில் சாய்ந்தபடி, "அவ கேட்டாக்கா. ஆனா பதிலுக்கு நிக்கவே இல்லையே" என்றான்.

சித்தி மகள் உடனே படத்துக்காகப் பேசினாள். பதினாறு வயதுப் பெண் ஒவ்வொரு தடவையும் கேமராவைப் பார்த்து நின்றால் எப்படிப் படம் ஓடும், தியேட்டரில் யார் உட்காருவார்கள் என்றாள். அவள் சொல்வதும் சரிதான். 49 மில்லியன் டாலர் செலவில் எடுத்து, உலகமெங்கும் ஏறத்தாழ 120 மில்லியன் வசூல் செய்த படம். டோராவைப் பார்க்காத பிள்ளைகளும் பார்க்க வேண்டும், கூட்டிப் போகும் பெற்றோரும் கொட்டாவி விடாமல் இருக்க வேண்டும். ஆனால் தம்பி அதற்குச் சொன்ன பதில்தான் எனக்கு இன்னும் மனசில் நிற்கிறது. "அந்தச் சூரியன் டிரஸ்ல வந்தப்ப ஒரே ஒரு தடவை நம்ம பக்கம் திரும்பி, நான் செஞ்சது தப்பான்னு கேட்டுட்டு நின்னிருந்தா போதும்." அப்படி ஒரு காட்சி இருந்திருந்தால் இந்தப் படம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும். கேள்வியை நகைச்சுவைக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். அவளுக்கு நாம் தேவைப்பட்ட இடத்தில் நம்மைக் கூப்பிடவில்லை.

நான் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறேன். டோராவின் மனசைப் படம் காப்பாற்றியிருக்கிறது. புதையல் எடுப்பவர்கள் வேறு, தேடித் தெரிந்துகொள்பவர்கள் வேறு என்று அவளுடைய பெற்றோர் சொல்லிக் கொடுத்ததைக் கடைசி வரை அவள் விடவில்லை. பொன் நகரத்தின் வாசலில் நின்றுகூட ஒரு பொன் துண்டுக்கு ஆசைப்படவில்லை. முடிவில், கூட வா என்று பெற்றோர் கூப்பிட்டும், பள்ளிக்கே திரும்பிப் போகிறேன், அங்கே எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள் என்கிறாள். அவளைப் பார்த்துச் சிரித்த அதே பள்ளிக்கு. அந்த இடத்தில் என் கண் கலங்கியது. ஆனால் கார்ட்டூனில் டோராவின் தோழமை என்பதே அவள் நமக்காக நின்றதுதான். அது இதில் இல்லை. எட்டு வயதுக்கு மேல் உள்ள பிள்ளைகளோடு, முக்கியமாகப் புதுப் பள்ளியில் ஒட்டாமல் தவிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், தயங்காமல் பாருங்கள். சுட்டி டிவி டோராவைத் தேடி உட்காருகிற என் வயதுக்காரர்கள், அவள் இதில் பாதிதான் கிடைப்பாள் என்று தெரிந்து உட்காருங்கள்.

நாங்கள் ஆங்கிலத்தில்தான் பார்த்தோம். மகளுக்கு நடுவில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கெச்சுவாவும் ஸ்பானிஷும் வரும் இடங்களில் கீழே எழுத்து ஓடுகிறது, அதைப் படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

வாடகை இரண்டு நாளைக்கு என்பதால் மறுநாள் காலையில் மகள் இன்னொரு தடவை கேட்டாள். அம்மா ஊறவைத்த அரிசியை அரைத்துக்கொண்டிருந்தார், நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தம்பிதான் அவளோடு உட்கார்ந்தான். கிரைண்டர் சத்தத்துக்கு நடுவே எட்டிப் பார்த்தபோது, சாப்பாட்டு மேசைக் காட்சியில் திரை உறைந்து நின்றது. டோரா நம் பக்கம் பார்த்தபடி இருந்தாள். ரிமோட் தம்பி கையில்.

"டோரா கேக்குறா பாரு. சொல்லு."

"டெசி..." என்றாள் மகள்.

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

"டெலி... டெலிசோ..." அவள் நாக்கைச் சுழற்றிப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். கிரைண்டரை அம்மா நிறுத்தினார்.

"டெ-லி-சி-யோ-சோ!"

அப்புறம்தான் தம்பி பட்டனை அழுத்தினான்.